கஷ்ட மார்க்

அந்த ரெண்டாவது பீரோவ மட்டும் தொறக்காதீங்கம்மா, கதவு கழண்டு கால் மேல விழும். மூணு வருசமா ஆபீஸுக்கு எழுதறேன், ஒரு ஆசாரிய அனுப்புங்கன்னு. இனிமே நீங்க எழுதிப் பாருங்க. புதுசா வந்தவங்க கேட்டா செஞ்சு குடுப்பாங்க.

உக்காருங்க. யாழினி தானே உங்க பேரு? நல்ல பேரு. என் பேரு மங்கையர்க்கரசி, அவ்வளவு நீளமா யாரும் கூப்புடறதில்ல, மங்கை டீச்சர்னு தான் சொல்லுவாங்க. இந்த மையத்துல பதினோரு வருசம். முப்பத்திரெண்டு பொண்ணுங்க, எல்லாம் ஜவ்வாது மலை மேல இருந்து வந்து இங்க தங்கி கவர்மெண்டு ஸ்கூல்ல படிக்கிறதுங்க. நம்ம அறக்கட்டளை தங்க எடம் குடுத்து, சோறு போட்டு, சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்குது. உங்களுக்கு இதெல்லாம் ஆபீஸ்லயே சொல்லி இருப்பாங்க. அரிசி எந்தக் கடை, தண்ணி மோட்டார் எப்ப மக்கர் பண்ணும், எந்தப் புள்ளைக்கு வலிப்பு வரும், எல்லாம் அந்த நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நோட்டுல எழுதாதது ஒண்ணு இருக்கு. அத வாயால தான் சொல்லணும்.

சுவத்துல அந்தப் போட்டோ பாத்தீங்களா? பனியில அஞ்சு பொண்ணுங்க நிக்கறாங்களே. நடுவுல பச்சைக் கோட்டு போட்டிருக்கறது வெண்ணிலா. ஓரத்துல குல்லா மாட்டிகிட்டு மூக்கு செவந்து நிக்கறது நான் தான். சிரிக்கலாம், பரவால்ல, நானே பாத்து சிரிச்சிருக்கேன். ஜெர்மனி. அந்த ஊரு பேரு இன்னிக்கும் என் வாயில நுழையல.

பரிமாற்றப் பயணம்னு சொல்லுவாங்க. வருசா வருசம் நம்ம பதினாலு மையத்துலயும் சேத்து அஞ்சு பொண்ணுங்கள எடுத்து அங்க பன்னண்டு நாள் அனுப்புவாங்க. அந்த ஊருக்காரங்க வீடுகள்லயே தங்கலாம், அவங்க ஸ்கூலுக்குப் போகலாம். மறு வருசம் அங்க இருந்து பொண்ணுங்க நம்ம ஊருக்கு வரும். நல்ல திட்டம். நான் அதுல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். செங்கம் தாண்டாத புள்ள கடல் தாண்டிப் போயிட்டு வந்தா அதுக்கப்புறம் எவன் மெரட்டினாலும் பயப்படாது. நான் கண்ணால பாத்தவ.

ஆனா அந்த அஞ்சு பேர எடுக்கறதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. நூறு மார்க். படிப்புக்கு நாப்பது, இங்கிலீஷுக்கு இருவது, நேர்ல பேசறதுக்குப் பத்து. மிச்சம் முப்பது கஷ்டத்துக்கு. ஃபாரத்துல குடும்பச் சூழல்னு அழகா போட்டிருக்கும். புள்ளைங்க வெச்ச பேரு கஷ்ட மார்க். குடிசை வீடுன்னா அஞ்சு. ரோட்டுல இருந்து தூரம்னா அஞ்சு. அப்பா அம்மா ரெண்டு பேரும் இருந்தா ஒண்ணும் கெடையாது, ஒருத்தர் இல்லன்னா பத்து, ரெண்டு பேரும் இல்லன்னா இருவது. ஜூலை மாசம் வந்தா இந்த வராண்டாவுல இதே பேச்சு தான். உனக்கு கஷ்டம் எத்தன, எனக்கு கஷ்டம் எத்தன. போன தடவ ஒருத்தி வீட்டுக்கு கவர்மெண்டுல காங்க்ரீட் வீடு சாங்ஷன் ஆயிடுச்சு. அவ அழுதா. அஞ்சு மார்க் போச்சாம்.

ஆறு வருசம் நம்ம மையத்துல இருந்து ஒரு புள்ள தேறல. படிப்புல கொற இல்ல. நம்ம மலைப் புள்ளைங்களுக்கு அப்பாவும் இருக்காங்க அம்மாவும் இருக்காங்க, அது தான் பிரச்சனை. ஆபீஸ் மீட்டிங்ல மத்த மையத்துக்காரங்க எல்லாம் அங்க எடுத்த போட்டோவ காட்டுவாங்க. நான் டீயக் குடிச்சுட்டு திரும்பி வருவேன்.

வெண்ணிலா கீழ்க்கொல்லைப் புள்ள. பஸ் எறங்கி ஒரு மணி நேரம் நடக்கணும். பத்தாவதுல நானூத்தி முப்பது. வாயத் தொறந்தா கேள்வி தான். எனக்கு அதைப் புடிக்கும், ஒளிச்சு மறைச்சு என்ன, மத்ததுங்கள விட ஒரு படி அதிகமாவே புடிக்கும். அது பதினொண்ணாவது படிக்கும்போது இதே மேசையில உக்காந்து அதோட ஃபாரத்தப் போட்டுப் பாத்தேன். அம்பத்தெட்டு வந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் கடைசியா எடுத்த புள்ள அறுபத்தஞ்சு. அப்பா: உண்டு, அம்மா: உண்டு. அந்த 'உண்டு'வையே பாத்துகிட்டு இருந்தேன்.

அவங்கப்பா சின்னாண்டி, வருசத்துல எட்டு மாசம் குடகுல காப்பித் தோட்டத்துல வேல. அப்ப அவருகிட்ட போன் கூட கெடையாது. பொங்கலுக்கு வருவாரு, ஊர்த் திருவிழாவுக்கு வருவாரு. இருந்தும் இல்லாத மாதிரி தானேன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றதும் சரி இல்ல. அப்படி நெனைக்கறது அன்னிக்கு சௌகரியமா இருந்துச்சு. 'உண்டு'வ அடிச்சுட்டு 'இல்லை'ல ஒரு டிக் போட்டேன். கீழ காரணம் எழுதணும். மொளகு பறிக்கும்போது மரத்துல இருந்து விழுந்துட்டாரு, புள்ளைக்கு ஒன்பது வயசு அப்பன்னு எழுதினேன். ரெண்டு நிமிசம் கூட ஆகல. அறுபத்தெட்டு.

புள்ளைக்காகத் தான் பண்ணேன், சத்தியமா. தேறின புள்ளையோட மையப் பொறுப்பாளரும் துணைக்குப் போகலாம்னு ஒரு விதி இருந்துச்சு, அது வேற விசயம். என் பாஸ்போர்ட்டு ஏழு வருசமா டிரங்குப் பெட்டியில சும்மா தான் கெடந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

வெண்ணிலாவக் கூப்பிட்டுச் சொன்னேன். நேர்ல கேப்பாங்க, ஒரே மாதிரி சொல்லணும் இல்லையா?

"டீச்சர், எங்கப்பா இருக்காரே," ன்னுச்சு.

"காகிதத்துல தாம்மா."

"காகிதத்துல கூட எதுக்கு டீச்சர்?"

"நீ போகணுமா, வேண்டாமா?"

கால் கட்டவெரலால தரையக் கீறிகிட்டே நின்னுச்சு. அப்புறம் சரிங்க டீச்சர்னு போயிடுச்சு. அது சரின்னு சொன்னத இன்னிக்கு வரைக்கும் நான் சாக்கா வெச்சிருக்கேன். பதினாறு வயசுப் புள்ள என்கிட்ட வேற என்ன சொல்லும்? அதையும் யோசிச்சிருக்கேன், யோசிக்கலன்னு நெனைக்காதீங்க.

பாஸ்போர்ட்டுக்கு அப்பா கையெழுத்து வேணும். பாருங்க கூத்த. ஒரு பக்கம் மனுசன் செத்துட்டாருன்னு டிக் போட்டுட்டு, இன்னொரு பக்கம் குடகுக்கு ஆள் விட்டு அவரக் கையெழுத்துக்கு வரச் சொன்னேன். விசா காகிதம் ஏஜெண்டு பாத்தாரு, மார்க் ஃபாரம் ஆபீஸ் பாத்துச்சு, ரெண்டும் ஒரே மேசைக்கு வரவே இல்ல. வேலைய விட்டுட்டு ராப்பகலா பஸ்ஸு மாறி வந்தாரு. கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு, ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி வரைவாரு. போட்டு முடிச்சுட்டு ஒரு பையை நீட்டினாரு. அவரு குடகுல குளிருக்குப் போடற சுவெட்டரு.

"அங்க பனி பேயுமாமே டீச்சர். புள்ளைக்கு சளி ஒடம்பு. இத உள்ள போட்டுக்கச் சொல்லுங்க."

"அங்கயே கோட்டு குடுப்பாங்க," ன்னேன்.

"இருக்கட்டும் டீச்சர், குடுக்கறத மேல போட்டுக்கட்டும்."

அந்தப் போட்டோவுல பச்சைக் கோட்டுக்கு உள்ள அது தான் இருக்கு. தெரியாது உங்களுக்கு.

அங்க போன கதைய சொன்னா பொழுது போயிடும். வெண்ணிலா தங்கின வீட்டம்மா பேரு கிறிஸ்டா, ஸ்கூல் டீச்சர். அவங்க பொண்ணு லேனா, நம்ம புள்ள வயசு தான். ரெண்டும் மூணாம் நாளே தோள் மேல கை போட்டுகிட்டு சுத்துச்சுங்க. ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு பொண்ணு, இருவத்தஞ்சு வயசு இருக்கும், மரத்துல ஓட்டை போட்டு, உள்ள என்னமோ பாத்து, இந்த மரத்துக்கு இன்ன நோவுன்னு எழுதுது. வனத்துறை ஆபீசராம். நம்ம வெண்ணிலா அதை விட்டு நகரல. நம்ம மலையில வனத்துறைன்னா வெறகு பொறுக்கினா வெரட்டறவங்க, அவ்வளவு தான் அது பாத்தது. "டீச்சர், இதுக்கு என்ன படிக்கணும்"னு என்கிட்ட நாலு தடவ கேட்டுச்சு. அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். நான் போட்ட டிக்கு சரி தான்னு அன்னிக்கு ஒரு நாள் பூரா நம்பினேன்.

ஒன்பதாம் நாள் அந்த ஊரு டவுன் ஹால்ல கூட்டம். எரநூறு பேரு. நம்ம பொண்ணுங்க ஆளுக்கு அஞ்சு நிமிசம் தன் கதைய சொல்லணும். வெண்ணிலாவோடது நான் எழுதிக் குடுத்தது. இங்க மொட்டை மாடியில முப்பது தடவ சொல்ல வெச்சிருக்கேன். ஒன்பது வயசுல அப்பாவ இழந்தேன்னு ஒரு வரி வரும், அந்த எடத்துல மூணு எண்ணற நேரம் நிறுத்தும்மான்னு சொல்லிக் குடுத்ததும் நான் தான்.

நிறுத்துச்சு. மூணுக்கு மேல நிறுத்துச்சு. அந்தக் கோட்டோட காலர் வழியா கைய உள்ள விட்டு சுவெட்டரப் புடிச்சுகிட்டு நின்னுச்சு. ஜனங்க அழுதாங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நானும் அழுதேன். மனுசன் உயிரோட இருக்காருன்னு தெரிஞ்ச நானும் அழுதேன், அத என்னன்னு சொல்றது.

மேடையில இருந்து எறங்கினதுல இருந்து அது சாப்பிடல. "அப்பாகிட்ட பேசணும் டீச்சர்," இது ஒண்ணு தான். தோட்டத்து மேஸ்திரி நம்பர் இருந்துச்சு, போட்டா டவர் இல்லன்னு வருது. மறுநாளும் போட்டேன், அதே தான். மத்தியானம் வந்து என் கையப் புடிச்சுகிட்டு சொல்லுது, "நான் சொன்னது பலிச்சிடுச்சு டீச்சர். என் வாயால சொன்னேன், பலிச்சிடுச்சு." கிறிஸ்டா வந்து புள்ளைக்கு என்ன, ஏன் சாப்பிடலன்னு கேட்டாங்க. அப்பா நெனப்புன்னு சொன்னேன். அது பொய் இல்ல பாருங்க.

அன்னிக்கு சாயங்காலம் மேஸ்திரி போன்ல அவரே கூப்பிட்டாரு. "சாப்ட்டியா கண்ணு? அங்க இன்னா சோறு போடறாங்க?" அது அழுதுகிட்டே இருந்துச்சு. குளிருதா, குளிருதான்னு அவரு அந்தப் பக்கம் கேட்டுகிட்டே இருந்தாரு. வெச்சதும் ரெண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுச்சு.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்கள உக்கார வெச்சு இத சொல்லிகிட்டு இருக்க மாட்டேன்.

அந்தக் கூட்டத்துல எடுத்த வீடியோவ ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பினாங்க. சின்னாண்டி அதுக்காகவே ஒரு பழைய போன் வாங்கிட்டாரு. மலையில டீக்கடை, ரேசன் கடை, மாரியம்மன் கோயில், எங்க போனாலும் அதைப் போட்டுக் காட்டறது. எம்புள்ள இங்கிலீஷ் பேசுது பாருன்னு. இங்க வந்தப்பவும் காட்டினாரு.

"டீச்சர், இங்க ஃபாதர்னு வருதே, என்னத் தானே சொல்லுது?"

"ஆமாங்க, உங்களத் தான்."

"இன்னா சொல்லுது?"

நான் இங்க நின்னுகிட்டு இருந்தேன், கையில சாம்பார் கரண்டி. "உங்களப் பத்திப் பெருமையா சொல்லுதுங்க," ன்னேன். அவரு வீடியோவ பின்னாடி தள்ளி அந்த எடத்த மறுபடி போட்டாரு. தலைய ஆட்டிகிட்டே கேட்டாரு.

அடுத்த வருசம் ஆபீஸ்ல இருந்து லெட்டர். பொங்கல் லீவுல கிறிஸ்டாவும் லேனாவும் வர்றாங்க, வெண்ணிலா வீட்டுல ஒரு நாள் இருக்கணுமாம். கூட நம்ம ஆபீஸ் மேடம் வர்றாங்க. ஒரு வாரம் முன்னாடி மலை ஏறினேன். சின்னாண்டி வீட்டு வாசல்ல உக்காந்து கூடை பின்னிகிட்டு இருந்தாரு. நான் தண்ணிய வாங்கிக் குடிச்சுட்டு, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, அந்த ஃபாரத்துல இருந்து சொன்னேன். தலையக் குனிஞ்சுகிட்டு பின்னிகிட்டே இருந்தாரு.

"தெரியும் டீச்சர். போன தீபாவளிக்கே தபால்காரரு சொல்லிட்டாரு. அந்த வீடியோவுல நான் செத்துட்டன்னு வருதாமே."

"நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

"கேட்டா புள்ள சங்கடப்படும். அது அப்பவே என் மூஞ்சியப் பாக்காம தான் இருந்துச்சு." கூடைய ஒரு சுத்து பின்னி முடிச்சுட்டு, "எப்பிடி செத்தன் டீச்சர்?"

"மொளகு பறிக்கும்போது. மரத்துல இருந்து."

"அது நடக்கறது தான்," ன்னாரு. "போன வருசம் கூட எங்க செட்டுல ஒருத்தன் வுழுந்தான். நீங்க ஒண்ணும் இல்லாதது எழுதல." என்ன ஆறுதல் படுத்தறாரு, கேட்டுக்குங்க.

அவர மாமான்னு சொல்லிடலாம், அம்மாவோட அண்ணன்னு முடிவாச்சு. அதுக்கு அவரு ஒத்துகிட்டாரு. அடுத்தது தான் என்னால சொல்ல முடியல. வெள்ளைக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கூட வர்ற மேடத்துக்குத் தெரியுமே. புருசன் இல்லாத பொம்பள நெத்தியில குங்குமத்தோட, கழுத்துல தாலியோட முன்னாடி நின்னா? அவரு சம்சாரம் அலமேலு அடுப்படியில இருந்து எல்லாத்தையும் கேட்டுகிட்டு இருந்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, "நான் கழட்ட மாட்டன்," னு அங்க இருந்தே சொன்னாங்க.

சின்னாண்டி எழுந்து உள்ள போனாரு. "ரவிக்கைக்கு உள்ள சொருகிக்கோடி. யாரு பாக்கப் போறா? அர நாளு தானே." வெண்ணிலா கதவுகிட்ட நின்னுகிட்டு இருந்துச்சு. அவங்கப்பா அவங்கம்மாவோட நெத்தியத் தன் துண்டால தொடச்சுக் காட்டினாரு, இப்பிடித் தொடச்சா தெரியாதுன்னு. விளையாட்டா பண்றாராம். ஒருத்தரும் சிரிக்கல.

வந்தாங்க. சாமைச் சோறு, அவரைக் கொழம்பு, கோழி. மேடம் அலமேலு பக்கத்துலயே உக்காந்து, தைரியமா இருங்கம்மான்னு முதுக தடவிக் குடுத்தாங்க. அந்தம்மா தலை நிமிரல. மேடத்துக்கு அது பொருத்தமா இருந்துச்சு. சோறு போடறப்ப, "மாமாவையும் கூப்பிடும்மா, அவரும் சாப்பிடட்டும்," னு மேடம் சொல்றாங்க. வெண்ணிலா அவரப் பாத்துச்சு. அவரு லேசா தலைய ஆட்டினாரு, கூப்பிடு கூப்பிடுன்னு. "மாமா, சாப்பிட வாங்க," ன்னுச்சு. அவரு வந்து உக்காந்து சாப்பிட்டாரு.

கிறிஸ்டா கேட்டாங்க, வெண்ணிலாவோட அப்பா எப்படிப்பட்டவரு, நீங்க கூடப் பழகினவராச்சேன்னு. நான் தான் மொழிபெயர்ப்பு. அவரு சோத்தப் பெசஞ்சுகிட்டே யோசிச்சாரு.

"பெருசா சொல்றதுக்கு இல்லீங்க. வேலைக்குப் போவான், வருவான். குடிப்பான், நெறைய இல்ல. புள்ளைன்னா உசுரு. மழக்காலத்துல ஓடையில தண்ணி வந்துட்டா தோள்ல தூக்கினு போயி ஸ்கூல்ல வுட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கயே மரத்தடியில உக்காந்திருப்பான். அதுக்கு மேல படிக்க வெக்க அவனுக்குத் தெரியல. டீச்சருங்க பாத்துக்கினாங்க."

ஒரு வார்த்தை விடாம சொன்னேன் இங்கிலீஷ்ல. அதுல மட்டும் நான் ஒண்ணும் மாத்தல. கிறிஸ்டா எச்சக் கையோட அவரு கையப் புடிச்சுகிட்டாங்க. வெண்ணிலா எழுந்து கொல்லப் பக்கம் போச்சு, அவங்க கெளம்பற வரைக்கும் திரும்பி வரல. வெக்கம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

ஜீப்பு கெளம்பினதும் அலமேலு குங்குமச் சிமிழ எடுத்து நெத்தியில இவ்வளவு பெருசா வெச்சுகிட்டாங்க. தாலிய வெளிய எடுத்துப் போட்டுகிட்டு, என்கிட்ட தண்ணி வேணுமான்னு கூட கேக்காம பாத்திரம் தேய்க்கப் போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்ல. வெண்ணிலா பேசும். எங்கிட்ட நல்லா தான் பேசும். அவங்கப்பாவத் தான் எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல. அப்பான்னும் இல்ல, எதுவும் இல்ல. கிட்ட வந்து நிக்கும், அவரு திரும்பிப் பாக்கற வரைக்கும் நிக்கும். அதுக்குக் கூச்சம் டீச்சர், சரியாயிடும்னு அவரு சொல்றாரு.

பன்னண்டாவதுல ஐநூத்தி நாப்பத்தி ஒண்ணு. வனவியல் படிப்புல சீட்டு கெடைச்சிடுச்சு, கவுன்சிலிங்ல. நாலு வருசம். இந்த மையத்துல இருந்து அந்தப் படிப்புக்குப் போற மொதப் புள்ள. நான் சொல்லலையா, நல்ல திட்டம்னு? கிறிஸ்டா அவங்க ஊருல பேசி, படிப்புச் செலவு மொத்தமும் அவங்களே ஏத்துக்கறதா எழுதிட்டாங்க. தகப்பன இழந்த பொண்ணுங்களுக்குன்னு அங்க ஒரு நிதி இருக்காம். மார்க் ஷீட்டு, சாதிச் சான்று, அப்புறம் அப்பாவோட இறப்புச் சான்று நகல். இந்த மாசக் கடைசிக்குள்ள.

வெண்ணிலாகிட்ட இறப்புச் சான்று விசயத்த நான் சொல்லல. அது பொட்டி கட்டிகிட்டு இருக்கு, சந்தோசமா. சின்னாண்டிகிட்ட சொல்லித் தான் ஆகணும், சொன்னேன். போன வாரம் அவரே வந்தாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலி. எப்பவும் உக்கார மாட்டாரு, அன்னிக்கு உக்காந்தாரு.

"டீச்சர், அந்த சர்டிபிகேட்டு எங்க வாங்கறது? வி.ஏ.ஓ.வ நான் கேக்கலாமா, நீங்க கேக்கறீங்களா? நானே போயி கேட்டா நல்லா இருக்காது இல்ல?"

நான் மேசையில தெறந்து கெடந்த நோட்ட மூடி வெச்சேன்.

"யோசிச்சு வெச்சுட்டன் டீச்சர். நான் குடகுலயே இருந்துக்கறன். இந்தப் பக்கம் வரல. தோட்டத்துல பேரு மாத்திச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ரேசன் கார்டுல எடுத்துடுவாங்க, எடுக்கட்டும்." அப்புறம் மேசை விளிம்பத் தடவிகிட்டே கேட்டாரு, "நாலு வருசம் தானே படிப்பு? முடிஞ்சதும் திரும்பி வந்துக்கலாமா டீச்சர்? அப்பிடி வர்றதுக்கு ஏதாவது ரூல்ஸ் இருக்குதா?"

நான் என்ன சொல்லி இருக்கணும்? அப்பவே அவர் கால்ல விழுந்திருக்கணும். "அதெல்லாம் பண்ண முடியாதுங்க, தப்பு என்னது, நானே கிறிஸ்டாவுக்கு எழுதறேன்"னு சொல்லி இருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கேட்டு வெக்கறேன், வெள்ளிக்கிழமை வாங்கன்னேன். அவரு கும்பிட்டுட்டுப் போனாரு. புள்ளைக்குத் தெரிய வேணாம் டீச்சர்னு, கேட் வரைக்கும் போயி திரும்பி வந்து சொல்லிட்டுப் போனாரு.

கிறிஸ்டாவுக்கு மூணு தடவ மெயில் எழுதினேன். உண்மைய எழுதிட்டு, கீழ என் பேரு போடற எடம் வரும்போது மூடிடுவேன். எழுதினா என்ன ஆகும்? புள்ளையோட நிதி போகும். கிறிஸ்டா நல்லவங்க, வேற வழி பண்ணினாலும் பண்ணுவாங்க, அது உங்களுக்கும் எனக்கும் தோணுது. ஆனா என் பேரு? ஆபீஸ்ல என்ன எதுக்கு சென்னைக்கு மாத்தினாங்கன்னு உங்களுக்குச் சொல்லலையா? வெண்ணிலா கதையப் பாத்து தான் குடுத்தாங்க. பதினாலு மையத்துக்கும் பொண்ணுங்களத் தேர்வு பண்ற பொறுப்பு. இனிமே எல்லா ஃபாரமும் என் மேசைக்குத் தான் வரும். ஒழுங்கா பாப்பேன், நீங்க வேணா பாருங்க. ஒருத்தரும் இப்படிப் பண்ண முடியாத மாதிரி பாப்பேன்.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அவரு நாலு மணிக்கு வருவாரு. எனக்கு மூணு மணிக்கு பஸ்ஸு. முன்னாடியே எடுத்த டிக்கெட்டு தான், வேணும்னு எடுக்கல. நீங்க தான் அவர்கிட்ட பேசணும். என்னன்னு பேசறதுன்னு கேக்காதீங்கம்மா, எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் பேசி இருக்க மாட்டேனா? நீங்க புதுசு. நீங்க எழுதினா உங்க மேல ஒரு பழியும் வராது, முன்னாடி இருந்தவங்க தப்பா எழுதிட்டாங்கன்னு ஒரு வரி போட்டுக்குங்க. என் பேரு வேணும்னா போடுங்க. இல்ல, பேரு வேண்டாம், முன்னாடி இருந்தவங்கன்னே இருக்கட்டும்.

ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? நான் இவ்வளவும் சொன்னேனே, ஒளிக்கலையே. பதினோரு வருசத்துல வேற யார்கிட்டயாவது இப்படி...

இருங்க. கேட் சத்தம்.

மணி ரெண்டு கூட ஆகலையே. நாலுன்னு தானே சொன்னேன். மலையில இருந்து மத்தியானத்துக்கு ஒரே பஸ்ஸு, அதுல வந்திருப்பாரு, பாவம். சட்டைய இஸ்திரி போட்டு பட்டன் கழுத்து வரைக்கும் மாட்டி இருக்காரு பாருங்க. செருப்பக் கழட்டி ஓரமா வெக்கறாரு. சன்னல்கிட்ட போகாதீங்கம்மா, தெரியும்.

நீங்க போங்க. போயி உக்கார வெச்சு தண்ணி குடுங்க. நான் சமையல்கட்டு வழியா பின்னாடி போயிடறேன். அவரு கேப்பாரு, மங்கை டீச்சர் எங்கன்னு.

இல்லன்னு சொல்லிடுங்க.